ஊக்கமருந்து நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஜூனியர் ஒருவர், தான் எழுதிய டிராஃப்டை எடுத்துவந்து காட்டினார். ஊக்கமருந்துச் சோதனையில் பாசிட்டிவ் வந்த ஒரு தடகள வீராங்கனைக்காக நாடாவுக்கு, அதாவது தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமைக்கு, அனுப்ப வேண்டிய பதில். நான்கு பக்கம். மூன்றாவது பத்தியில் "என் கட்சிக்காரர் உட்கொண்ட புரோட்டீன் பவுடரில் கலப்படம் இருந்திருக்க வேண்டும்" என்று இருந்தது. இதை அந்தப் பெண் சொன்னாளா என்று கேட்டேன். "இல்ல சார், வழக்கமா இப்படித்தானே வரும்" என்றார்.

அந்த வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். அதற்கு ஒரு பையன் தன் வாழ்க்கையில் ஒரு வருடத்தை விலையாகக் கொடுத்தான். ஜூனியர் போன பிறகும் அந்த டிராஃப்ட் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வாய்தா தேதியை மறப்பது, விசாரணைக்கு வராமல் இருப்பது போன்றவற்றைத் தொடப்போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும்.

## தீர்ப்பின் கடைசி வரியை மட்டும் படிப்பது

"டென்னிஸ் ஆடும் சின்னருக்கு 3 மாதம், ஷ்வியான்டெக்குக்கு 1 மாதம், என் பையனுக்கு மட்டும் 4 வருடமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் வக்கீலும் அதையே பதிலில் எழுதினால் எப்படி?

தடை எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் முடிவு செய்வது மருந்தின் வகை. விதியில் 'குறிப்பிட்ட பொருட்கள்' என்று ஒரு பிரிவு உண்டு. இருமல் மருந்தில் வரக்கூடிய டெர்பியூட்டலின் அதில் அடங்கும். அந்த வகை மருந்து வந்தால், வீரர் வேண்டுமென்றே எடுத்தார் என்று முகமைதான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் கணக்கு 2 வருடத்தில் தொடங்கும், கவனக்குறைவு எவ்வளவு என்பதைப் பொறுத்து வெறும் கண்டிப்பு வரைகூடக் குறையலாம். 2019-ல் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு 8 மாதம் கிடைத்தது இந்த வழியில்தான். மெட்டாண்டியனோன், ஸ்டானோசொலால் மாதிரி ஸ்டீராய்டு வந்தால் கதை தலைகீழ். கணக்கு 4 வருடத்தில் தொடங்கும். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்பதை வீரர்தான் நிரூபிக்க வேண்டும். ஸ்டீராய்டு வழக்கில் ஷாவின் தீர்ப்பை இணைத்து அனுப்பினால் விசாரணைக் குழு அதை ஒரு நிமிடத்தில் ஒதுக்கிவைத்துவிடும்.

சின்னருக்கு வந்ததும் ஸ்டீராய்டுதானே, குளோஸ்டெபால்? ஆமாம். ஆனால் அது அவருடைய பிசியோ தன் விரல் காயத்துக்கு அடித்துக்கொண்ட ஸ்பிரேயிலிருந்து, மசாஜ் செய்யும்போது உடம்பில் ஏறியது என்று அவரால் காட்ட முடிந்தது. ஷ்வியான்டெக் தூக்கத்துக்காகப் போட்டுக்கொண்ட மெலட்டோனின் மாத்திரையைச் சோதனைக்கூடத்தில் கொடுத்து, அதில் டிரைமெட்டாசிடின் கலந்திருப்பதை நிரூபித்தார். இரண்டு தீர்ப்பிலும் படிக்க வேண்டியது மாதக் கணக்கை அல்ல. மருந்து எங்கிருந்து வந்தது என்று பேசும் பக்கங்களை.

## காரணத்தை நாமே கற்பித்துக் கொடுப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2022-ல் டெல்டா பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். 19 வயது, குண்டு எறிபவன். மாநிலப் போட்டியில் எடுத்த சிறுநீர் மாதிரியில் மெட்டாண்டியனோன். அப்பா லோடு வண்டி டிரைவர். கோச்சும் கூடவே வந்திருந்தார். பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடியே இருந்தான். நான் கேட்ட முதல் கேள்வி, "என்ன பவுடர் சாப்பிடுற?" அவன் ஒரு பிராண்ட் பெயரைச் சொன்னான். என் கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

பாசிட்டிவ் என்று சொல்லி வந்த முதல் கடிதத்துக்கான விளக்கத்தில் பவுடரில் கலப்படம் என்று எழுதினேன். சில வாரத்தில் குற்றச்சாட்டு நோட்டீஸ் வந்தது. அதில் தெளிவாகவே இருந்தது: கோரப்படும் தடை 4 வருடம், நோட்டீஸ் கிடைத்த 20 நாளுக்குள் மீறலை ஒப்புக்கொண்டு தடையையும் ஏற்றால் ஒரு வருடம் குறையும். அந்தப் பத்தியை நான் படித்தேன். படித்துவிட்டு, தப்பே செய்யாதவன் எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

அந்த 20 நாளும் டப்பாவின் பின்னால் ஓடினோம். வீட்டிலிருந்த டப்பா பாதி காலி. திறந்த டப்பாவைச் சோதித்து மருந்து இருக்கிறது என்று வந்தாலும் அதற்குப் பெரிய மதிப்பில்லை, யார் வேண்டுமானாலும் பிறகு கலந்திருக்கலாம். அதே பேட்ச் நம்பரில், சீல் உடையாத டப்பா வேண்டும். கடைக்காரர் அந்த பேட்ச் தீர்ந்துவிட்டது என்றார். பில்லும் இல்லை. பையன் கையில் காசு கொடுத்து வாங்கியிருந்தான்.

விசாரணை ஆன்லைனில் நடந்தது. குழுவில் மூன்று பேர்: சட்டம் தெரிந்தவர் ஒருவர், டாக்டர் ஒருவர், முன்னாள் வீரர் ஒருவர். டாக்டர்தான் அதிகம் பேசினார், குரலை உயர்த்தாமல். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கூப்? கடைசியாக எப்போது? பிறகு மாதிரி எடுத்த அன்று பையன் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் திரையில் காட்டினார். கடந்த 7 நாளில் எடுத்துக்கொண்ட மருந்து, சத்துப்பொருள் எல்லாவற்றையும் எழுதும் கட்டம் அதில் உண்டு. அந்தக் கட்டத்தில் பையன் பேனாவால் ஒரே ஒரு கோடு இழுத்திருந்தான். "தினமும் ரெண்டு ஸ்கூப் சாப்பிட்டா இங்க ஏன் எழுதல?" பையன் என்னைப் பார்த்தான். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

லேப்டாப்பை மூடிய பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். "சார், நீங்க பவுடரான்னு கேட்டீங்க, நானும் ஆமான்னுட்டேன். ஜிம்ல ஒரு அண்ணன் மாத்திரை குடுத்தாரு. ஆறு வாரம் போட்டேன். வெயிட் ஏறும்னாரு." அப்பாவும் கோச்சும் பக்கத்தில் இருக்கும்போது அதை அவனால் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? இரண்டு பேரையும் வெளியே உட்காரச் சொல்ல வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த வாரமே உண்மையை எழுத்தில் கொடுத்தோம். குழு அதைப் பதிவு செய்துகொண்டது. ஆனால் 20 நாள் எப்போதோ முடிந்துவிட்டது. மருந்து கொடுத்தவரைப் பற்றிய தகவலைத் தந்து, அதனால் அவர் மீது நடவடிக்கை வந்தால் தடையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க விதியில் இடமுண்டு. அந்த வழியும் அடைபட்டிருந்தது, ஏனென்றால் அந்த அண்ணன் ஊரை விட்டே போயிருந்தார். தீர்ப்பு 4 வருடம். முதல் நாளே பையனிடம் சரியாகக் கேட்டிருந்தால் 3 வருடத்தில் வெளியே வந்திருப்பான். விளையாட்டுக் கோட்டாவில் வேலை தேடும் பையனுக்கு 22 வயதும் 23 வயதும் ஒன்றல்ல.

இதை ஜூனியர்களிடம் சொன்னால், "மருந்து வந்த மூலத்தை நிரூபிக்காவிட்டால் அவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். ஸ்டீராய்டு வழக்கில் ஏறக்குறைய அப்படித்தான். 'பெரிய தவறில்லை' என்ற சலுகை கேட்டால் மருந்து உடம்புக்குள் வந்த வழியைக் காட்டியே ஆக வேண்டும். அதைக் காட்டாமல் 'வேண்டுமென்றே எடுக்கவில்லை' என்று மட்டும் வாதாட விதி இடம் தருகிறது, ஆனால் அப்படி வென்றவர்கள் மிகக் குறைவு. மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் வழக்கை எடுத்துப் படியுங்கள். 2016 ஆகஸ்ட் 1 அன்று, யாரோ சதி செய்து மருந்தைக் கலந்துவிட்டார்கள் என்ற வாதத்தை இங்குள்ள குழு ஏற்று அவரை விடுவித்தது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை மேல்முறையீடு செய்தது. ரியோ ஒலிம்பிக்கில் அவர் மேடை ஏறுவதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 18 அன்று, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 4 வருடத் தடை விதித்தது. சதிக்கு உண்மையான ஆதாரம் எதுவும் இல்லை என்றது. சிறுநீரில் இருந்த அளவைப் பார்த்தால், பானத்தில் தூவிய பொடி மாதிரி இல்லை, மாத்திரையாக விழுங்கியது மாதிரி இருக்கிறது என்று நிபுணர் சொன்னார். கதை எவ்வளவு நம்பும்படி இருந்தாலும் சோதனைக்கூட எண்ணோடு பொருந்தவில்லை என்றால் நிற்காது.

ஆகவே இப்போது நான் செய்வது இதுதான். வீரரைத் தனியாக உட்காரவைக்கிறேன். கோச், அப்பா, அம்மா யாரும் இருக்கக் கூடாது. "என்ன பவுடர்?" என்று கேட்பதில்லை. கடந்த மூன்று மாதத்தில் வாயில் போட்டது, ஊசி போட்டது, தோலில் தடவியது எல்லாவற்றையும், யார் கொடுத்தார்கள் என்பதோடு சேர்த்து, அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். அவர் எழுதும்போது நான் அறையை விட்டு வெளியே போய்விடுகிறேன். மூலம் தெரியவில்லை என்றால் பதிலிலும் தெரியவில்லை, விசாரித்து வருகிறோம் என்றே எழுதுகிறேன். ஊகத்தை எழுதிவிட்டுப் பிறகு மாற்றினால், இரண்டாவதாகச் சொல்லும் உண்மையையும் யாரும் நம்புவதில்லை.

நிஜமாகவே கலப்படம் என்றால் அன்றே வேலையைத் தொடங்க வேண்டும். சீல் உடையாத அதே பேட்ச், பில், பணம் அனுப்பிய வாட்ஸ்அப் பதிவு, டப்பாவோடு எடுத்த போட்டோ, எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். கூடவே குற்றச்சாட்டு நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை ஃபைல் அட்டையில் பெரிதாக எழுதுங்கள், அதிலிருந்து இருபதாவது நாளையும் சேர்த்து. முதலில் வரும் பாசிட்டிவ் கடிதத்திலிருந்து எண்ணாதீர்கள். கணக்கு குற்றச்சாட்டு நோட்டீஸிலிருந்து.

## பி மாதிரியை நம்பி உட்கார்ந்திருப்பது

மாதிரியை எடுக்கும்போதே இரண்டு பாட்டிலாகப் பிரித்து வைப்பார்கள், இரண்டாவதுதான் பி மாதிரி. அதைச் சோதிக்கக் கேட்பது வீரரின் உரிமை. கேளுங்கள். அதன் முடிவு வரும்வரை மற்ற வேலையை நிறுத்தாதீர்கள்.

## 'கோச் கொடுத்தார்' என்பதோடு நிறுத்துவது

2011-ல் நம் பெண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்ட அணியைச் சேர்ந்த ஆறு பேர் ஸ்டீராய்டில் சிக்கினார்கள். உக்ரைன் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங்கில் கலப்படம் என்றார்கள். இங்கே குழு ஒரு வருடத் தடையோடு விட்டது. சர்வதேச தடகளச் சம்மேளனம் மேல்முறையீட்டுக்குப் போனது, 2012-ல் தடை 2 வருடமானது. உடம்புக்குள் போவதற்கு வீரரே பொறுப்பு. கோச் கொடுத்ததை வாங்கும்போது உங்கள் கட்சிக்காரர் லேபிளைப் பார்த்தாரா, டாக்டரிடம் கேட்டாரா, அதற்கு என்ன ஆதாரம் என்று தேடுங்கள். அது இல்லாமல் கோச்சின் பெயரை மட்டும் எழுதினால் பாரம் இறங்காது.

முதல் குழுவில் வென்ற அன்றே ஃபைலைக் கட்டி அலமாரியில் போடுகிறவர்களும் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை எதுவும் முடிந்ததாகாது.

## மாதிரி தர மறுத்துவிட்டு நியாயம் பேசுவது

மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா 2024 மார்ச்சில் சோனிபட்டில் மாதிரி தரவில்லை. முன்பு காலாவதியான கிட் கொண்டுவந்தார்கள், அதற்கு விளக்கம் கேட்டேன் என்றார். நவம்பரில் 4 வருடத் தடை. புகார் இருந்தால் மாதிரியைக் கொடுத்துவிட்டு, படிவத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் எழுத வேண்டும். மறுத்த பிறகு வந்தால் வக்கீலுக்குச் செய்ய அதிகம் மிஞ்சாது.

## வயதைக் கேட்காமல் விடுவது

16 வயது நிரம்பாதவர் என்றால் மூலத்தைக் காட்டாமலே சலுகை கேட்கலாம். பிறப்புச் சான்றிதழை முதல் நாளே வாங்குங்கள்.

## தற்காலிகத் தடையில் விளையாடுவது

ஸ்டீராய்டு வழக்கில் தற்காலிகத் தடை தானாகவே வரும். அந்தக் காலத்தை ஒழுங்காகக் கழித்தால் இறுதித் தடையில் கழித்துக்கொள்வார்கள். கபடி ஆடும் பையன்களிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள். சங்கத்தோடு இணைந்த ஒரு கிளப் நடத்தும் போட்டியில், ஊர்க்காரர் கூப்பிட்டார் என்று ஒரு ராத்திரி இறங்கினால் போதும், அதுவரை கழித்த மாதங்கள் எல்லாம் கணக்கில் வராமல் போகும். "ஊர்த் திருவிழா சார், பேர் கூட போடல" என்பார்கள். யாரோ போனில் எடுத்த வீடியோவில் முகம் தெரியும்.

ஜூனியருடைய டிராஃப்டுக்கு வருகிறேன். அதை மேசையில் ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு அங்கேயே போன் போடச் சொன்னேன். மறுநாள் காலை அம்மாவோடு வந்தாள். அம்மாவை வெளி அறையில் உட்காரவைத்து டீ சொன்னோம். பெண்ணிடம் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் வராந்தாவுக்கு வந்துவிட்டோம். முக்கால் மணி நேரம் கழித்து அவளே கதவைத் திறந்தாள். தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள். பைக்குள்ளிருந்து பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள். ஜூனியர் ஃபைல் அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். நோட்டீஸ் வந்து 9 நாள் ஆகியிருந்தது.