வந்து வந்து போகும் ஹார்ட் டிஸ்க் கோளாறு: செய்யக்கூடாத தவறுகள்

மன்னார்குடியில் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டர் குறுவை நடவு சமயத்தில் அடிக்கடி உறைந்து நின்றது. சில நாள் டி டிரைவே காணாமல் போகும். அணைத்துப் போட்டால் திரும்ப வந்துவிடும். "இப்ப நல்லாத்தானடா ஓடுது" என்று பெரியப்பா விட்டுவிட்டார். பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். தானாகச் சரியான கோளாறு தானாகவே திரும்பியும் வரும். இடையில் கிடைக்கும் நல்ல நாட்களில்தான் பட்டா, பத்திர ஸ்கேன், கல்யாண ஃபோட்டோ எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றியாக வேண்டும்.

அடுத்தது, எடுத்த எடுப்பில் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தப் பழக்கம். முழுச் சோதனை கொடுத்தால் அது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் (தகவல் பதியும் சிறு கட்டம்) மணிக்கணக்கில் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த ஓட்டத்திலேயே போய்விடலாம். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கைத்தான் ஒழுங்குபடுத்தும். அதற்காகச் சிதைந்த ஃபைல்களைத் துண்டாக்கிப் போடவும் தயங்காது. முதலில் காப்பி, பிறகுதான் சோதனை. காப்பி பாதியில் சிக்கினால் லினக்ஸ் பென்டிரைவில் கம்ப்யூட்டரைத் துவக்கி, கெட்டுவரும் டிஸ்க்கிலிருந்து காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூவை ஓட்டுங்கள். சுலபமாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றுக்குக் கடைசியில் வரும்.

டிஸ்க்தான் போச்சு என்று உடனே புதிது வாங்குவதும் தவறு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இலவசம், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் கணக்கை அது காட்டும். ரீஅலோகேட்டட் (கெட்டதால் மாற்று இடம் கொடுக்கப்பட்டவை), பெண்டிங் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருப்பவை) செக்டர் எண்கள் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கே கெட்டுவருகிறது. அவை பூஜ்யமாக இருந்து சிஆர்சி எரர் (தகவல் கேபிளில் போகும்போது வரும் பிழை) மட்டும் ஏறினால், பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் கனெக்டர் முனைகளையும் பார்த்துவிடுங்கள். சிஆர்சி எண் ஒருபோதும் குறையாது. கேபிள் மாற்றிய பிறகும் பழைய எண்ணே தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். மேலே ஏறாமல் இருந்தால் போதும். கேபிள், போர்ட், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

கரண்டை மறந்துவிடுகிறோம். ஊரெல்லாம் பம்புசெட் ஓடும்போது விளக்கு மங்குகிறது. பழைய எஸ்எம்பிஎஸ் அந்த நேரத்தில் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டைச் சீராகக் கொடுக்கத் திணறலாம். எரர் வந்த நேரத்தை நோட்டில் குறித்துவைத்தால் இது பிடிபடும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். கரண்ட் போகும்போது சீக்கிரம் மாறும்.

டக் டக் என்று சத்தம் கேட்டால் மேலே சொன்ன எதையும் செய்யாமல் உடனே அணையுங்கள். வீட்டில் டிஸ்க்கைத் திறக்கவே கூடாது. படிக்கும் ஹெட்டுக்கும் உள்ளே சுழலும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான், ஒரு தூசி போதும். ஃப்ரீசரில் வைப்பதும் வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும்.

பெரியப்பா வீட்டில் கேபிள் மட்டும்தான் மாற்றினோம். அன்று காலண்டரில் எழுதிய சிஆர்சி எண், ஐப்பசி அடைமழை முடிந்த பிறகும் மாறவில்லை.