டூ வீலுக்குத் திரும்ப அடம்பிடிக்கும் பிக்கப்

என் பிக்கப்புக்கு 18 வயது. டாஷ்போர்டில் ஒரு திருகு சுவிட்ச்: 2எச் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்), 4எச் (நான்கும் இழுக்கும்), 4எல் (நான்கும், மெதுவான கியரில்). சேற்றில் இறங்கும்போது 4எச் போட்டால் உடனே பிடித்துக்கொள்ளும். தார் ரோட்டில் ஏறி 2எச்சுக்குத் திருப்பினால்தான் வம்பு. ஒரு நாள் டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு அணையும், ஒரு நாள் அணையாது. இன்னொரு நாள் அரை மணி நேரம் ஓடியபின் ஏதோ ஒரு திருப்பத்தில் ‘டங்’ என்ற சத்தத்தோடு தானாக விடுபடும். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல், அதை 2எச், 4எச் என்று மாற்றிவிடும் ஷிஃப்ட் மோட்டாரை மாற்றினேன். புது மோட்டாருக்கும் அதே அடம். அதை வாங்கும் முன் எதையெல்லாம் பார்த்திருக்க வேண்டுமோ, அதை அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

இது பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டிகளுக்கானது. இவற்றில் 4எச் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகளான புரொபெல்லர் ஷாஃப்ட் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். நடுவில் வேக வித்தியாசத்தைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் கிடையாது. ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 3 மீட்டர் இருக்கிற வண்டி, பின் ஆக்சிலின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரத்தில் போகும்படி 90 டிகிரி திரும்புகிறது என்று வையுங்கள். பின் ஆக்சில் ஏறக்குறைய 9.4 மீட்டர் ஓடும், முன் ஆக்சில் 10.5 மீட்டர். அந்த ஒரு மீட்டர் சொச்சத்தைச் சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கியே கழித்துவிடும். காய்ந்த தாரில் அது நடக்காது. ஷாஃப்ட், கியர், செயின் எல்லாம் பிழிந்த துணி மாதிரி முறுக்கேறி நிற்கும். உள்ளே இரண்டையும் பூட்டும் வளையமான ஸ்லீவ் அந்த அழுத்தத்தில் இறுகிவிடும். லீவரை இழுத்தாலும் வராது, மோட்டார் தள்ளினாலும் நகராது.

பல வண்டிகளில் மோட்டாருக்கும், ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் உண்டு. மோட்டார் தன் வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்கிவிடும், ஸ்பிரிங் மட்டும் தள்ளிக்கொண்டே காத்திருக்கும். முறுக்கு தளர்ந்த நொடியில் ஸ்லீவ் பாயும். எனக்குக் கேட்ட ‘டங்’ அதுதான்.

அதனால் ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு சோதனை. ஆளில்லாத இடத்தில் 2எச் போட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, 5 முதல் 10 மீட்டர் மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். முன்னால் ஓட்டும்போது ஏறிய முறுக்கு பின்னால் போகையில் தளரும். அப்படியும் வரவில்லையா? ஒரு பக்கத்து டயர்களைப் புல்லிலோ மண்ணிலோ இறக்கி, ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்டிக்கொண்டே நகருங்கள். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்தால் விடுகிறது என்றால் பெரும்பாலும் எதுவும் உடையவில்லை. முறுக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. காய்ந்த ரோட்டில் 4எச் போட்டு வளைந்து வளைந்து ஓட்டியிருந்தால் அதற்கு வேறு காரணம் தேடவே வேண்டாம்.

நேர் ரோட்டில் ஓடியபிறகும் முறுக்கு ஏறினால் டயர்களைப் பாருங்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். மூன்று மாதத்துக்கு முன் முன்பக்கம் மட்டும் இரண்டு டயர் புதிதாகப் போட்டிருந்தேன். பின்பக்கத்தில் பட்டன் ஆழம் அவற்றைவிட 4 மில்லிமீட்டர் குறைவு. 4 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 30 அங்குல டயரில் அது சுற்றளவில் கிட்டத்தட்ட 25 மில்லிமீட்டர் குறைக்கிறது, அதாவது நூற்றுக்கு ஒன்று. கிலோமீட்டருக்கு 10 மீட்டர் அளவுக்கு எங்காவது ஒரு டயர் வழுக்கியே ஆகவேண்டும், நேராகப் போனாலும் சரி. காற்று குறைந்தாலும் இதே கதைதான். நான்கிலும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்கட்டும். காற்று, அந்தந்த ஆக்சிலுக்குக் கதவருகே ஒட்டியுள்ள ஸ்டிக்கர் சொல்லும் அளவு. பழைய வண்டி வாங்கியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: எப்போதாவது ஒரு ஆக்சிலை மட்டும் மாற்றி, கியர் விகிதம் முன்னும் பின்னும் வேறாகியிருந்தால், டயர் எத்தனை மாற்றினாலும் தீராது.

டயர் சரி, முறுக்கும் இல்லை, இருந்தும் விடவில்லையா? இப்போது யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகம் மூன்று பேர் மேல்: டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சிலையும் சக்கரங்களையும் இணைத்துப் பிரிக்கும் பொறி, டாஷ்போர்டு விளக்கு.

சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். சுவிட்ச் 2எச்சில் இருக்கட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். இப்போது முன் புரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் விட்டுவிட்டது, குற்றம் அங்கே இல்லை. அசையாமல் நின்றால் உள்ளே இன்னும் பூட்டியிருக்கிறது. ஷாஃப்ட் சுற்றும்போது இரண்டு முன் சக்கரங்களும் கூடவே சுற்றினால், ஆக்சில் பக்கத்துப் பொறி விடவில்லை. ஆனால் அந்தப் பொறி எஞ்சின் வேக்குவத்தால் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பால்) விடுபடும் வகை என்றால் எஞ்சின் நின்றிருக்கும்போது சுற்றத்தான் செய்யும், அதைக் குற்றமாக எடுக்காதீர்கள். ஷாஃப்ட் தாராளமாகச் சுற்றுகிறது, ஆக்சிலும் விட்டிருக்கிறது, விளக்கு மட்டும் எரிகிறது என்றால் விளக்குக்கான சுவிட்சோ அதன் வயரோதான்.

ரோட்டிலும் இந்த வித்தியாசம் தெரியும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டிக்கிடந்தால் காய்ந்த ரோட்டில் முழுதாக ஒடித்துத் திரும்பும்போது ஸ்டீயரிங் கனக்கும், வண்டி பிரேக் பிடித்தது போல் தயங்கும், டயர் துள்ளும். ஆக்சில் மட்டும் விடாமல் இருந்தால் இதெல்லாம் இருக்காது. முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டு கொஞ்சம் எரிபொருளைத் தின்னும், அவ்வளவுதான்.

டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் குற்றவாளி, வண்டியில் லீவர் இருக்கிறது என்றால் வேலை சுலபம். கீழே ஒருவர், உள்ளே லீவரை ஆட்ட ஒருவர். லீவர் நகரும் தூரம் முழுவதும் கேஸ் மேல் இருக்கும் இரும்புக் கைக்கு (ஷிஃப்ட் ஆர்ம்) வந்து சேர்கிறதா என்று பாருங்கள். புஷ் தேய்ந்தோ துரு ஏறியோ பாதி தூரம் வழியிலேயே காணாமல் போயிருக்கும். ஆட்டும்போது கேஸ் நியூட்ரலில் நின்றுவிட்டால் ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘பார்க்’கூட வண்டியைப் பிடிக்காது. கட்டையை எடுக்காதீர்கள்.

சுவிட்ச் வண்டி என்றால் காதை வையுங்கள். எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, பிரேக்கோ கிளட்சோ அழுத்த வேண்டியிருந்தால் அழுத்தி, சுவிட்சைத் திருப்பச் சொல்லுங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு ஒன்றும் மாறவில்லை என்றால் பிரச்சினை பெரும்பாலும் உள்ளே. சத்தமே இல்லை என்றால் பேட்டரி, ஃபியூஸ், ரிலே, பிறகு பிளக். மோட்டார் பிளக் வண்டிக்கு அடியில் சேறும் தண்ணீரும் குடித்தே வாழ்கிறது. டயர் பிரச்சினை தீர்ந்து ஒரு வருடம் கழித்து என் வண்டி மறுபடி அடம்பிடித்தபோது பிளக்கைக் கழற்றினேன், உள்ளே இருக்கும் ஊசிகளெல்லாம் பச்சைக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, எர்த் வயரின் போல்டையும் கழற்றித் தேய்த்து மாட்டியதும் சரியாகிவிட்டது.

பிளக் சுத்தமாக இருந்தும் ஓடவில்லையா? மல்டிமீட்டரை மோட்டாரின் இரண்டு தடித்த வயர்களில் வைத்து சுவிட்சைத் திருப்புங்கள். ஏறக்குறைய 12 வோல்ட் சில நொடி வர வேண்டும், எதிர்ப்பக்கம் திருப்பினால் மைனஸாகக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் சுவிட்சையோ கன்ட்ரோல் யூனிட்டையோ சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் வந்தும் ஓடவில்லை என்றால்தான் மோட்டார். சில நேரம் மோட்டார் நல்லபடி சுற்றும், ஆனால் அதற்குள் இருக்கும் பொசிஷன் சென்சார் தேய்ந்து, ‘இப்போது எங்கே நிற்கிறேன்’ என்பதைத் தப்பாகச் சொல்லும். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது என்ற மாதிரிக் குறைக்கு அது பொருந்தும். மோட்டாரைக் கழற்றியபின், முறுக்கு இல்லாத நிலையில், கேஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், மோட்டார் திருப்பும் சின்ன ஷாஃப்டை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் ‘கிளிக்’ என்று உட்கார்ந்தால் உள்ளே நலம். கல் மாதிரி இறுகினால் ஃபோர்க், ஸ்லீவ் விவகாரம். அதற்குக் கேஸைப் பிரிக்க வேண்டும், நான் அங்கே போவதில்லை.

பிரிக்கக் கொடுக்கும் முன் எண்ணெயை வடித்துப் பாருங்கள். சில கேஸ்களுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்), சிலவற்றுக்குக் கியர் ஆயில். யாரோ கெட்டியான எண்ணெயை ஊற்றியிருந்தால் குளிரில் ஷிஃப்ட் மந்தமாகும். மேனுவலில் எழுதியிருப்பதைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

முன் ஆக்சில் பொறி வேக்குவத்தில் ஓடுவதாக இருந்தால் குழாய்களைத் தடவிப் பாருங்கள். வளைவிலும் முனையிலும்தான் ரப்பர் வெடிக்கும். சில வண்டிகளில் அந்தப் பொறி சக்கரத்தின் நடுவில், ஹப்பில் இருக்கும்; வேக்குவம் இருந்தால்தான் ஹப் விட்டபடி இருக்கும். அந்த வகையில் சின்னக் கசிவு போதும்: ஐடிலில் அமைதி, மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் பெட்ரோல் எஞ்சினின் வேக்குவம் சரிந்து ஹப் அரைகுறையாகக் கடித்து ‘கரகர’ என்று அரைக்கும். கைப்பம்பால் வேக்குவம் கொடுத்து, ஒரு நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் கசிவது எந்தக் குழாய், பொறியின் எந்த டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) என்று தெரிந்துவிடும்.

நடுவழியில் பூட்டிக்கொண்டு எதற்கும் மசியவில்லை என்றால் முன் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு வரலாம். கேஸ் 4எச்சில் கிடந்தாலும் பின் சக்கரம் மட்டும் இழுக்கும், முறுக்கு ஏறாது. கழற்றும் முன், போல்ட் போட்டு இணைக்கும் தட்டுகளான ஃபிளாஞ்ச் இரண்டிலும் பெயிண்டால் நேருக்கு நேர் ஒரு கோடு போடுங்கள், திரும்ப அதே இடத்தில் மாட்ட வேண்டும். ஷாஃப்ட் கேஸுக்குள் செருகியிருக்கும் வகையாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், உருவியதும் எண்ணெய் முழுவதும் ரோட்டில் கொட்டிவிடும்.