கிதாருக்குத் தோல் பின்னல் வார்

கொடைக்கானல் மழை நாளில் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது. 1 செ.மீ. அகலத்தில் மூன்று தோல் பட்டைகள் போதும். பின்னும்போது நீளம் குறையும், 120 செ.மீ. பின்னலுக்குப் பட்டையை 160 செ.மீ. வெட்டுங்கள். இதை மறந்து நான் முதலில் பின்னியது கிதாரைவிடச் சின்ன வாத்தியமான உகுலேலேவுக்குத்தான் ஆனது!

தோலை ஈரத்துணியால் துடைத்து, இளகியதும் ஜடை போலப் பின்னுங்கள். வழவழப்பான பக்கம் எப்போதும் மேலே இருக்கட்டும். இழுப்பு சீராக இல்லையென்றால் வார் பாம்பாக நெளியும். அப்புறம் இரு முனைகளிலும் தடித்த தோல் துண்டு தைத்து, வாரை மாட்டும் கிதார் குமிழுக்கு ஓட்டையும் சின்னக் கீறலும் போடுங்கள்.

அடுப்பருகே உலர்த்தினால் தோல் விறைத்துவிடும், நிழலில் காயட்டும். பனிக்காலத்தில் பீரோவில் பூட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். ஆணியில் தொங்கவிட்டால் சரி.