பழைய இங்கிலிஷ் ரெட்டைக்குழல் வாங்கணுமா, பேரைப் பாக்காதீங்க குழலைப் பாருங்க

இங்கிலாந்துல புறாவோ ஃபெசன்ட்ங்கற காட்டுப்பறவையோ சுடப் போறவங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் என்னன்னா, எல்லாரும் இப்ப மேலும் கீழுமா குழல் வச்ச ஓவர்-அண்டர் பக்கம் ஓடிட்டதால, பக்கத்துல பக்கத்துல குழல் வச்ச பழைய பர்மிங்காம் துப்பாக்கிங்க சில நூறு பவுண்டுக்கே கிடைக்குது. கையால ராவி ராவிப் பொருத்தின சாமான், எடை பெரும்பாலும் 3 கிலோ பக்கம்தான், நாள் முழுக்க வயல்ல தூக்கிட்டு நடந்தாலும் தோள் வலிக்காது. ஆனா ஒரு சிக்கல், நல்லதும் மோசமும் ஒரே மேஜைல ஒரே பளபளப்போட கிடக்கும்.

நானே முதல் தடவ நல்லா ஏமாந்தவன்தான். பக்கவாட்டுல வாத்து பறக்குற மாதிரி செதுக்கின வேலைப்பாடு, தோல் பெட்டி, பெட்டிக்குள்ள லேபிள், அவ்வளவுதான், மனசு போயிடுச்சு, காசக் குடுத்துட்டேன். அப்புறம் துப்பாக்கி ரிப்பேர் பண்ற பெரியவர் ஒருத்தர்கிட்ட காட்டினா, அவர் குழலுக்கு அடில இருக்குற முன்கட்டையக் கழட்டிட்டு, மூடுன துப்பாக்கிய ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு என் கைல குடுத்தாரு. குழல் முடியுற இடத்துக்கும், அது வந்து பொருந்துற இரும்பு உடம்பான ஆக்‌ஷனுக்கும் நடுவுல ஒரு வெளிச்சக் கோடு. அப்புறம் கேஜ் வச்சு அளந்தா இடது குழல் சுவர் ஒரு இடத்துல 17 தௌதான். தௌன்னா ஆயிரத்துல ஒரு பங்கு இன்ச். அந்த வாத்து இன்னும் அழகாத்தான் பறந்துட்டு இருந்துச்சு, நான்தான் உக்காந்துட்டேன்.

சட்டத்த முதல்ல சொல்லிடறேன். 1968 ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட் படி போலீஸ் குடுக்குற ஷாட்கன் சர்ட்டிபிகேட் கைல இல்லாம தொடவே தொடாதீங்க, அது அஞ்சு வருஷத்துக்கு செல்லும். தனி ஆள்கிட்ட வாங்கினா நேர்ல கை மாறணும், அவர் உங்க சர்ட்டிபிகேட்ல எழுதிக் குடுக்கணும், 7 நாளுக்குள்ள ரெண்டு பேரும் அவங்கவங்க போலீசுக்குத் தகவல் சொல்லணும். வீட்டுல பூட்டி வைக்க பெட்டி வேணும். இது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு, வடக்கு அயர்லாந்துல விதி வேற.

எந்த மாதிரி வாங்குறதுன்னா, வயல்வெளிக்கு என் ஓட்டு பாக்ஸ்லாக்குக்குத்தான், அதாவது சுடற பொறி ஆக்‌ஷனுக்குள்ளயே இருக்குறது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்ல வேலை பாத்த ஆன்சன், டீலி ரெண்டு பேரும் 1875ல பேட்டன்ட் வாங்கின டிசைன், உள்ள சாமான் கம்மி, ரொம்ப உறுதி, ரிப்பேரும் சுலபம். பொறி பக்கவாட்டுத் தகட்டுல இருக்குற சைடுலாக் அழகுதான், ஒத்துக்கறேன், நல்ல சைடுலாக்ல ட்ரிக்கர் தொடாம உள்ள அடிக்கற சுத்தியல் நழுவினாலும் தடுக்குற இன்னொரு கொக்கி இருக்கும், ஆனா விலை குறைஞ்ச சைடுலாக்க விட ஒழுங்கான பாக்ஸ்லாக் எவ்வளவோ மேல். இன்னொரு விஷயம், ஏதோ ஒரு சின்ன ஊர் கடைக்காரர் பேரு குழல் மேல இருக்கேன்னு யோசிக்காதீங்க, அதுல முக்காவாசி பர்மிங்காம்ல செஞ்சு கடைக்காரர் பேரப் போட்டு வித்ததுதான், உள்ள பாத்தா வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி வேலையாக்கூட இருக்கும். அந்தக் கம்பெனியே தன் பேர்ல வித்த 700 வரிசை பாக்ஸ்லாக், 1979ல நிறுத்தினாங்க, உழைக்குற துப்பாக்கி வேணும்னா அதுல கண்ண மூடிட்டு, இல்ல இல்ல, கண்ணத் தொறந்துட்டே இறங்கலாம். சுட்ட தோட்டாவ தானா வெளிய எறியுற எஜெக்டர் இல்லாததுன்னா விலை இன்னும் குறையும். எப்படியும் காலித் தோட்டாவ புல்லுக்குள்ள குனிஞ்சு தேடிப் பொறுக்கத்தான போறீங்க, எஜெக்டர் இல்லைன்னா அது கைலயே வந்துரும்.

சரி, இப்ப குழல். இங்கதான் நேரம் செலவு பண்ணணும். முதல்ல தொறந்து தோட்டா உக்கார்ற ரெண்டு அறையும் காலியான்னு பாத்துக்கங்க, அப்புறம் முன்கட்டையக் கழட்டி குழல தனியா எடுங்க. அடில கொக்கி மாதிரி இருக்குற இடத்துல ஒரு விரல விட்டுத் தொங்கவிட்டு, இன்னொரு கை முட்டியால லேசா தட்டுங்க. கோயில் மணி மாதிரி ணங்க்னு இழுத்துக்கிட்டே ஒலிச்சா நல்லது. கரகரன்னோ டப்புன்னு செத்த மாதிரியோ கேட்டா ரெண்டு குழலயும் சேர்த்துப் பிடிச்சிருக்குற பட்டையோட ஈயப்பத்து எங்கயோ விட்டிருக்கு, உள்ள தண்ணி போயிருக்கும், வெளிய தெரியாம துரு தின்னுட்டு இருக்கும்.

அப்புறம் குழலுக்குள்ள பாருங்க. சும்மா பல்ப பாத்தா பளபளன்னுதான் தெரியும், அதனால ஜன்னல் சட்டத்தோட ஓரத்த பாத்துப் பிடிங்க, அந்தக் கோட்டோட நிழல் குழல் நெடுக நேரா ஓடணும், மெதுவா சுத்திக்கிட்டே பாருங்க. எங்கயாவது நிழல் நெளிஞ்சா டொக்கு, மோதிரம் மாதிரி முழு வளையமா கருப்பு தெரிஞ்சா வீக்கம். டொக்க தெரிஞ்சவர் எடுத்துருவார், ஆனா சுவர் தடிமன் இருக்கணும், வீக்கம்னா எனக்கு வேண்டாம். அம்மைத் தழும்பு மாதிரி குழி லேசா இருந்தா பரவால்ல. உள்ள கண்ணாடி மாதிரி இருக்குறத பாத்து சந்தோஷப்படாதீங்க, குழி தெரியக்கூடாதுன்னு யாரோ உள்ள தேய்ச்சு எடுத்திருப்பாங்க, தேய்க்கத் தேய்க்க சுவர் மெலிசாகுது. அதனாலதான் சுவர் தடிமன் கேஜ் வச்சு நெடுக அளக்கணும். சட்டத்துல இவ்வளவுதான்னு ஒரு கணக்கு கிடையாது, ஆனா தொழில்ல இருக்குறவங்க 20 தௌவுக்குக் கீழன்னா முகம் சுளிப்பாங்க, 25 தாண்டினா நிம்மதி.

அடுத்தது முத்திரை. குழலோட அடிப்பக்கத் தட்டையான இடத்துல ப்ரூஃப் ஹவுஸ்ங்கற சோதனைக்கூடத்தோட முத்திரை குத்தியிருக்கும். லண்டன்ல துப்பாக்கி செய்யறவங்க சங்கத்துக்கு 1637லயே ராஜ பட்டயம் கிடைச்சது, பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் 1813ல பார்லிமென்ட் சட்டத்தால வந்தது. அதிக அழுத்தத்துல சுட்டுப் பாத்து தாங்கினாத்தான் குத்துவாங்க. என்பின்னு இருந்தா நைட்ரோங்கற புகையில்லா வெடிமருந்துக்கு சோதிச்சது, அது இல்லாம வெறும் பழங்காலக் கரிமருந்து முத்திரை மட்டும்னா இப்பத்திய தோட்டா போடாதீங்க. குழலோட உள்விட்டமும் குத்தியிருக்கும், 12 போர்ங்கற அளவுக் குழல்னா .729 இன்ச்தான் அடிப்படை. அறைப்பக்கத்துலேர்ந்து 9 இன்ச் தள்ளி அளந்தா குத்தின அளவுக்குப் பக்கத்துல வரணும், அனுமதிச்சத விட பெருசாயிருந்தா ப்ரூஃப் போச்சு, அந்த நிலைல அத விக்கறதே இங்க குற்றம்.

அறை நீளத்த கட்டாயம் பாருங்க. பழைய துப்பாக்கில நிறைய 2½ இன்ச், அதாவது 65 மில்லிமீட்டர். 1954 ப்ரூஃப் விதிப்படி குத்தினதுன்னா 2½ இன்ச்சும் (சதுர இன்ச்சுக்கு) 3 டன் அழுத்தமும், இல்ல 2¾ இன்ச்சும் 3¼ டன்னும் இருக்கும். இதுல ஒரு பொறி இருக்கு, 70 மில்லிமீட்டர் தோட்டா 65 அறைக்குள்ள ஒரு சத்தமும் போடாம அழகா உக்காந்துரும், ஏன்னா மடிச்ச வாயோட அது குட்டையா இருக்கு, அந்த அளவு சுட்டு விரிஞ்சப்புறம் வர்ற நீளம். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாம அறை குறுகுற இடத்துல போய் முட்டும், அழுத்தம் ஏறும். பெட்டி மேல எந்த அறைக்குன்னு போட்டிருக்கும், படிச்சுட்டு வாங்குங்க.

டமாஸ்கஸ் குழல், அந்த சுருள் கோலம் போட்ட மாதிரி இருக்குமே, நைட்ரோவுக்கு மறுபடி சோதிச்சிருந்தா பயப்பட வேண்டியதில்ல. ஸ்லீவ்டுன்னு குத்தியிருந்தா பழைய குழல வெட்டிட்டு புதுக் குழாய் சொருகினது, அறைக்குக் கொஞ்சம் முன்னாடி மெல்லிசா ஒரு சேர்ப்புக் கோடு தெரியும், சேகரிக்கறவங்க தொட மாட்டாங்க, அதனால விலை கம்மி, உழைக்கறதுக்கு நான் தாராளமா வாங்குவேன். வாய்ப்பக்கம் ரெண்டு குழலுக்கும் நடுவுல இடைவெளிய ஈயம் வச்சு அடைச்சிருந்தா யாரோ குழல அறுத்துருக்காங்க, நுனில குழல் குறுகுற சோக்கும் போயிருக்கும்.

ஆட்டம் பாக்க, முன்கட்டையோட ஸ்ப்ரிங் லொடலொடப்ப மறைச்சிரும்ங்கறதால அத மாட்டாம குழலயும் ஆக்‌ஷனயும் மட்டும் சேர்த்து மூடி ஆட்டிப் பாருங்க. மேல இருக்குற, துப்பாக்கியத் தொறக்கற லீவர் மூடும்போது நடுவுக்குக் கொஞ்சம் வலது பக்கம் நின்னா இன்னும் உயிர் இருக்கு, இடது பக்கம் தாண்டிருச்சுன்னா தேஞ்சுருச்சு. ட்ரிக்கர் சோதிக்க டம்மி தோட்டா போட்டுத்தான் இழுக்கணும். எஜெக்டர் இருந்தா ரெண்டும் சேர்ந்தே எகிறுதான்னு பாருங்க. திருகுகளோட தலை நசுங்கியிருந்தா கத்துக்குட்டி யாரோ கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம். சேஃப்டிய ரொம்ப நம்பாதீங்க, பாக்ஸ்லாக்ல அது ட்ரிக்கர மட்டும்தான் தடுக்கும்.

கட்டைல லீவருக்குப் பின்னாடி, கை பிடிக்கற ஒல்லியான இடத்துல விரிசல் தேடுங்க. எண்ணெய் ஊறிக் கருத்துப்போன மரம் மெத்துன்னு ஆகியிருக்கும். கட்டை நீளமோ வளைவோ பொருந்தலன்னா கவலப்படாதீங்க, சூடு காட்டி வளைக்கறவங்க இருக்காங்க, மரம் ஒட்டி நீட்டலாம். குழல நீட்ட முடியாது, தடிமனும் ஏத்த முடியாது.

ரவை விஷயத்தயும் இப்பவே யோசிச்சுக்கங்க. இங்கிலாந்துல நீர்ப்பறவைக்கு ஈய ரவை 1999லேர்ந்தே கூடாது, மத்ததுக்கும் ஈயத்த நிறுத்தப்போறதா அரசாங்கம் 2025ல சொல்லிடுச்சு. மெலிசு சுவரும் இறுக்கமான சோக்கும் இருக்குற பழைய குழல்ல இரும்பு ரவை போட எனக்குத் தைரியம் கிடையாது, பிஸ்மத்ங்கற உலோக ரவை ஈயம் மாதிரியே மிருதுவானது, ஆனா தோட்டா விலை பாக்கெட்டக் கடிக்கும், அந்தச் செலவயும் கணக்குல சேர்த்துக்கங்க.

ஏலத்துல எடுத்தா கூப்பிட்ட விலைக்கு மேல கமிஷன் உண்டு, கேட்லாக்ல சுவர் தடிமன் போட்டிருந்தாலும் பாக்குற நாள் அன்னிக்கு நேர்ல போங்க. கடைல வாங்கினா விலை கூட, ஆனா முன்பணம் குடுத்துட்டு வேற ரிப்பேர்க்காரர்கிட்ட அளக்க விடுவீங்களான்னு கேக்கலாம். மூஞ்சி மாறிச்சுன்னா பதில் கிடைச்சிருச்சு.

இப்ப என்கிட்ட இருக்குறது பாக்ஸ்லாக், எஜெக்டர் கிடையாது, ஒரு வாத்தும் இல்ல, ஓரத்துல ரெண்டு கோடு கிழிச்சிருக்கு அவ்வளவுதான். மெலிசான இடத்துலயே 26 தௌ. வாங்குற அன்னிக்கு குழலத் தொங்கவிட்டுத் தட்டினப்ப, விக்க வந்தவர் பேச்ச நிறுத்தி அந்தச் சத்தம் அடங்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாரு, நான் விலை பேசவே இல்ல.