மழைக்கும் பனிக்கும் கோழி சூப்: எலும்பை நம்புங்கள், மசாலாவை இல்லை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், இல்லை மார்கழிப் பனியில் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்ததும், கறிக்கடையில் "சூப்புக்குப் போடுங்கண்ணே" என்கிற குரல் கூடிவிடும். ஆனால் வாங்கி வந்து நாம் செய்வது என்ன? பாதி வீடுகளில் கோழிக் குழம்பையே தண்ணியாக வைத்து, மிளகாய்த்தூளைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அதற்கு சூப் என்று பெயர் சூட்டிவிடுகிறோம். ஓட்டலில் சோளமாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கி, அஜினமோட்டோ போட்டு ருசி ஏற்றிக் கொடுக்கிறார்கள். இரண்டிலும் கோழி பேருக்குத்தான் இருக்கிறது. நல்ல சூப்புக்கு வேண்டியது எலும்பு, அதை வேகவிடும் பொறுமை, அடுப்பை அணைத்த பிறகு போடும் மிளகு. மற்றதெல்லாம் துணைக்குத்தான்.

கோழியிலிருந்து ஆரம்பிப்போம். பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும், ஓடியாடி வளர அதற்கு நேரமே கிடையாது. கறி சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் தண்ணீருக்குக் கொடுக்க அதனிடம் ருசி குறைவு. சூப்புக்கு வயது ஏறிய கோழிதான் சரி. நாட்டுக்கோழி கிடைத்தால் அருமை. கடையில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் சிறுவிடை, பெருவிடை என்கிற அசல் நாட்டு ரகங்கள் இல்லை, கிராமப்பிரியா மாதிரியான பண்ணை ரகங்களும் அந்தப் பெயரில்தான் வருகின்றன, அதனால் சூப்புக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. இன்னொரு வழியும் உண்டு, பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை ஒன்றரை வயது வாக்கில் கழித்துவிடுவார்கள். முட்டைக்கோழி என்று கேட்டால் கொடுப்பார்கள், விலையும் மலிவு. வறுத்தால் பல்லுக்கு வேலை வைக்கும், ஆனால் சூப்பாக்கினால் அதன் ருசியே தனி. எதுவும் கிடைக்காத ஊரில் இருக்கிறீர்களா, பிராய்லரே வாங்குங்கள், கூடவே கழுத்து, முதுகெலும்பு, இறக்கை நுனி, பாதம் இவற்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பாதம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அதில் கறி என்று சொல்ல ஒன்றும் இல்லை, தோலும் நரம்பும் எலும்பும்தான். அதனால்தான் சூப்புக்கு அது பொன்னான சரக்கு. தோலிலும் மூட்டிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஈரச்சூட்டில் நெடுநேரம் கிடந்தால் ஜெலட்டினாகக் கரைந்து தண்ணீரில் இறங்குகிறது, சூப்பைக் குடித்ததும் உதடு லேசாக ஒட்டுகிறதே, அது இந்த ஜெலட்டின்தான். மாவு எதுவும் கரைத்து ஊற்றாமலே சூப்புக்குக் கனம் வருவதும் இதனால்தான். நாலைந்து பாதங்களைக் கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, நுனியிலிருந்து இழுத்தால் மேலே உள்ள மஞ்சள் தோல் கையுறையைக் கழற்றுவது போல அப்படியே உருவிக்கொண்டு வரும். கூடுதல் நேரம் தண்ணீரில் விட்டுவிட்டால் தோல் வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிய்த்துப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். நகத்தைக் கணுவோடு வெட்டி எறிந்துவிடுங்கள்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சைக் கோழியைக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் சிங்க், மேடை, பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டு வரை போகும், கழுவவே வேண்டாம், வேகும்போது கிருமி செத்துவிடும் என்றுதான் உணவுப் பாதுகாப்பு நிபுணர்கள் சொல்கிறார்கள். நம் வீடுகளில் இது நடக்கிற காரியமா? மஞ்சளும் உப்பும் போட்டு அலசாத கறியை அம்மாவும் மாமியாரும் அடுப்பில் ஏற்ற விடமாட்டார்கள். சரி, அலசுங்கள். ஒரு ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, அதற்குள்ளேயே மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றிவிட்டு, சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நாலு பேருக்கு அளவு சொல்கிறேன். எலும்போடு அரைக் கிலோ கோழி, நாலு பாதம், ஒன்றரை லிட்டர் தண்ணீர். சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பூண்டு எட்டுப் பல், கட்டைவிரல் நுனி அளவுக்கு இஞ்சி, சின்னத் தக்காளி ஒன்று, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கொத்து, கொத்தமல்லித் தண்டு ஒரு கைப்பிடி. பொடிக்க ஒன்றரை டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், அரை டீஸ்பூன் தனியா. உப்பு ஒரு டீஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன். அவ்வளவுதான். பட்டை, கிராம்பு போட்டால் பிரியாணி வாசம் வந்து கோழி வாசம் பின்னால் போய்விடும், என் சமையலில் அதற்கு இடமில்லை. ஈரலைக் கூடவே போடாதீர்கள், சூப் கலங்கி ஒரு கசப்பு வாடை ஏறும். தனியாக வறுத்துக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

எலும்பையும் பாதத்தையும் கறியையும் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் போடக்கூடாது. மெல்லச் சூடேறும்போது சாறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அழுக்கும் திரண்டு மேலே வரும். அடுப்பை மிதமாக வைத்துப் பக்கத்திலேயே நில்லுங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் நுரை கட்டும். அது விஷமெல்லாம் இல்லை, உறைந்த புரதம்தான், ஆனால் அப்படியே கொதிக்க விட்டால் உடைந்து சூப் முழுக்கக் கலங்கும். கரண்டியால் வழித்துப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று முறை வழித்த பிறகு வெள்ளை நுரை மட்டும் வரும், அதை விட்டுவிடலாம்.

நுரை நின்றதும் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இஞ்சியையும் இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். மிக்சியில் விழுதாக அரைக்க வேண்டாம், பச்சை வாசம் போவதற்குள் பொறுமை போய்விடும், நிறமும் கலங்கும். பூண்டைத் தோலோடு தட்டலாம், எப்படியும் வடிகட்டத்தானே போகிறோம். தக்காளியைக் கையால் நசுக்கிவிட்டு, மஞ்சள்தூள், கொத்தமல்லித் தண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பு இப்போது வேண்டாம். தண்ணீர் வற்ற வற்றக் கரிப்பு ஏறும், கடைசியில் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

இனி குக்கரா, பாத்திரமா? நேரம் இருந்தால் பாத்திரம். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வருகிற அளவுக்கு மட்டும் சூடு இருக்கட்டும், நாட்டுக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம், பிராய்லருக்கு முக்கால் மணி போதும். தளதளவென்று கொதித்தால் மேலே மிதக்க வேண்டிய கொழுப்பு தண்ணீரோடு அடித்துக் கலந்து சூப் வெளுத்துப்போகும், குடிக்கும்போது நாக்கில் எண்ணெய் படரும். வேலைக்குப் போகிற வீட்டில் இரண்டு மணி நேரம் அடுப்படியில் யார் நிற்பது என்று கேட்டால், குக்கர்தான் பதில். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் வையுங்கள், பிராய்லர் என்றால் பன்னிரண்டு நிமிடம். விசிலை எண்ணாதீர்கள், அடுப்புக்கு அடுப்பு, குக்கருக்குக் குக்கர் அது மாறும். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் உள்ளே எல்லாம் ஒரே சமயத்தில் பொங்கிக் கொதிக்கும், அதுவரை காத்த தெளிவு அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலை ஊரில் இருப்பவர்களுக்கு யோசனையே வேண்டாம், குக்கரை எடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும், திறந்த பாத்திரத்தில் நாட்டுக்கோழி வேக நெடுநேரமாகும்.

சூப் வெந்துகொண்டிருக்கும்போதே மிளகு, சீரகம், தனியா மூன்றையும் வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டி, இடிகல்லில் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு மிளகு நாலைந்தாக உடைந்தால் போதும். மாவாகப் பொடித்தால் காரம் தொண்டையில் பிடித்துக்கொள்ளும், கிண்ணத்து அடியிலும் கறுப்பாகத் தங்கும். மிளகை ஆரம்பத்திலேயே போட்டுக் கொதிக்க விடுவதுதான் பல வீட்டு வழக்கம், எனக்கு அதில் உடன்பாடில்லை. காரம் அப்படியே நிற்கும், ஆனால் வாசம் முழுக்க ஆவியோடு சமையலறைக்குப் போய்விடும், கிண்ணத்துக்கு மிஞ்சாது. ஆகவே சூப்பை வடிகட்டி, கறியைத் தனியே எடுத்துவைத்து, தெளிந்த சாற்றுக்கு உப்புப் போட்டு மறுபடி ஒரு கொதி விட்டு, அடுப்பை அணைத்த பிறகு பொடியைத் தூவி மூடுங்கள். நல்லெண்ணெயில் கறிவேப்பிலையை மட்டும் பொரித்துக் கொட்டி, ஐந்து நிமிடம் மூடியபடி விடுங்கள். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு பிழியுங்கள். அடுப்பில் பிழிந்தால் வைட்டமின் சியும் போகும், வாசமும் போகும்.

இது சளியைப் போக்குமா? வைரஸைக் கொல்லாது, அதை உடம்புதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது. 1978-ல் மயாமியில் ஒரு மருத்துவர் குழு சிலருக்குப் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர், சூடான கோழி சூப் என்று குடிக்கக் கொடுத்து மூக்குச் சளி நகரும் வேகத்தை அளந்து பார்த்தது. சூப் குடித்தவர்களுக்கு அது நன்றாகவே கூடியது, அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியும் விட்டது. 2000-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் ரெனார்ட் என்ற நுரையீரல் மருத்துவர், தன் மனைவியின் பாட்டி வழிவந்த சூப்பையே ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். அழற்சியின்போது விரைந்து கூடும் ஒருவகை வெள்ளை அணுக்களின் நடமாட்டத்தை அது குறைத்ததாகத் தெரிந்தது. ஆனால் அது குடுவையில் நடந்த சோதனை, சளி பிடித்தவரின் உடம்பில் நடந்தது இல்லை. மூக்கடைத்துப் பசியே இல்லாமல் கிடப்பவருக்குச் சூடும், நீரும், உப்பும், கொஞ்சம் புரதமும் ஒரே கிண்ணத்தில் போகிறது, அதுவே பெரிய காரியம். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றாலோ மூச்சு வாங்கினாலோ மருத்துவரிடம் போங்கள், சூப் பானையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

ஆரோக்கியம் என்ற பேச்சு வரும்போது உப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்புப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாலு கிண்ணத்துக்கு ஒரு டீஸ்பூன் என்றால் ஆளுக்கு ஒன்றேகால் கிராம் வாக்கில் வரும், பயமில்லை. ருசிக்காக சூப் கட்டியை உடைத்துப் போட்டால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும், அதன் அட்டையைத் திருப்பிப் படித்தால் பெரும்பாலும் முதலில் உப்புத்தான் இருக்கும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்கள், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் எலும்புச் சாற்றைக் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் உப்பும் மிளகும் சேர்க்கும் முன்பே இரண்டு கரண்டி தனியே எடுத்துவிடுங்கள்.

சூப்போடு வயிறும் நிறைய வேண்டும் என்றால் வடிகட்டிய சாற்றில் பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ் போட்டு ஏழெட்டு நிமிடம் வேகவிடலாம். எனக்குப் பிடித்தது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் உருவிப் போட்டால் போதும், பச்சை நிறம் மாறாமல் இருக்கும். காய்ச்சல்காரருக்குக் குழைந்த சாதத்தில் ஊற்றிப் பிசைந்து கொடுத்தால் மறுபேச்சில்லாமல் இறங்கும்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், பெரிய பாத்திரத்தோடு வைக்காமல் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் குளிரும். மறுநாள் காலையில் மேலே கொழுப்பு மஞ்சளாக ஏடு கட்டியிருக்கும், கரண்டியால் நெம்பினால் முழுசாக வந்துவிடும், கொழுப்பு வேண்டாதவர்களுக்கு இதைவிட லேசான வழி கிடையாது. கீழே சூப் கட்டியாகி ஆடிக்கொண்டிருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள், ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், சூடு பட்டதும் தண்ணியாகிவிடும். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஃப்ரீசரில் வையுங்கள். குடிக்கும்போதெல்லாம் நன்றாகக் கொதிக்க வைத்து, மிளகை மட்டும் புதிதாக இடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்துவைத்த கறியில் சாறெல்லாம் இறங்கியிருக்கும், சும்மா தின்றால் சப்பென்றுதான் இருக்கும். எலும்பிலிருந்து பிய்த்தெடுத்து, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இரண்டு காய்ந்த மிளகாய் தாளித்து, உப்பும் மிளகுத்தூளும் தூக்கலாகப் போட்டு, சட்டியில் ஓரம் முறுகும் வரை பிரட்டினால் ராத்திரி தோசைக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று.