மார்ச் பிரிவுபசாரத்துக்கு ஒரு ஜப்பானியப் பாட்டு: முதல்முறை மைக் பிடிப்பவர்களுக்கு

ஜப்பானில் நிதியாண்டும் பள்ளியாண்டும் ஏப்ரல் 1-ல் தொடங்குவதால், பட்டமளிப்பு, இடமாற்றம், பணி ஓய்வு எல்லாம் மார்ச்சில் ஒன்றாக வந்து விழும். அலுவலகத்தில் ஒருவர் கிளம்புகிறார் என்றால் 'ஸோபெட்ஸுகாய்' என்ற பிரிவுபசார விருந்து நிச்சயம். அது முடிந்ததும் பாதிப்பேர் 'நிஜிகாய்' என்று இரண்டாம் சுற்றுக்குக் கரோக்கி அறைக்குப் போவார்கள், அங்கே மைக் உங்கள் கைக்கும் வரும். ஏதாவது ஆங்கிலப் பாட்டைப் பாடிவிட்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் இரண்டு வருஷம் பக்கத்து மேஜையில் இருந்து நமக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் போகும்போது, அவர் பள்ளியில் பாடி வளர்ந்த பாட்டு ஒன்றை நாம் பாடினால் அவருக்கு அது வேறு மாதிரி இருக்கும். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் இந்தப் பதிவு. ஹிராகனா தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. போகிறவர் யார், எங்கே போகிறார்?

மெட்டு பிடித்திருக்கிறது என்பதற்காகப் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வசந்தகாலப் பிரிவுப் பாட்டு என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றிலும் யார் யாரைவிட்டுப் போகிறார் என்பது வேறு.

டோக்கியோவை விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர் என்றால் 'நகோரி யுகி'. கொஞ்சம் மூத்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எனக்குத் தெரியவில்லை. காகுயாஹிமே குழுவின் இஸே ஷோஸோ எழுதியது, 1975-ல் இருகா என்ற பாடகி பாடி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ரயில் நிலையம், பருவம் தப்பிப் பெய்கிற பனி, டோக்கியோவில் நான் பார்க்கிற கடைசிப் பனி இது என்று போகிறவள் சொல்கிறாள், பக்கத்தில் நிற்கிறவன் கடிகாரத்தைப் பார்க்கிறான். மெதுவான பாட்டு, மூச்சு வாங்க இடம் இருக்கிறது.

புது ஊருக்கு, புது வேலைக்குப் போகிற இளையவர் என்றால் மகிஹாரா நொரியுகியின் 'தோகு தோகு' (1992). ஊரைவிட்டு வந்த ஒருவனுக்குப் பழைய மாணவர் சந்திப்புக்கு அழைப்பு வருகிறது. அங்கே பதில் அட்டையில் 'வருகிறேன்', 'வரவில்லை' இரண்டும் அச்சடித்திருக்கும், ஒன்றில் வட்டம் போட்டு அனுப்ப வேண்டும். எல்லோரையும் பார்க்க ஆசை இருந்தும் அவன் 'வரவில்லை' என்பதில் வட்டம் போடுகிறான், இந்த ஊரில் முதலில் நான் ஆளாகிக் காட்ட வேண்டும் என்று. வெளிநாட்டில் வேலை பார்க்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம்.

குழுவில் எல்லோரும் முப்பதை ஒட்டியவர்கள் என்றால் ரெமியோரொமென் குழுவின் 'ஸங்காட்ஸு கொகொனொகா', அதாவது மார்ச் 9. 2004-ல் அதே தேதியில் வெளியானது. நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்காக எழுதிய பாட்டு, அடுத்த வருஷம் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து பாடியதும் பட்டமளிப்புப் பாட்டாகவே ஆகிவிட்டது. பல்லவி வந்ததும் அறையே சேர்ந்துகொள்ளும், அதனால் நடுவில் தடுமாறினாலும் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும்.

'தபிதாச்சி நோ ஹி நி' என்ற பாட்டையும் பலர் சொல்வார்கள். 1991-ல் ஸைதாமா மாகாணம் சிச்சிபுவில் ஒரு நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் எழுதி, இசை ஆசிரியை மெட்டமைத்து, கிளம்புகிற மாணவர்களுக்காக ஆசிரியர்களே பாடியது. இன்று நாடு முழுக்கப் பள்ளிகளில் பாடுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு, ஆனால் அது பல குரல்கள் பின்னிப் போவதற்காக எழுதியது. தனியாகப் பாடாதீர்கள், நாலு பேர் சேர்ந்தால் பாடுங்கள்.

2. பெயரை நம்பாமல் பாடகரைப் பார்த்துத் தேடுங்கள்

'ஸகுரா' என்று தட்டினால் வரிசையாக வரும். மொரியாமா நவொதரோ 2003, கவாகுச்சி கியோகோ 2003, கெட்ஸுமெய்ஷி 2005, கொபுகுரோ 2005, இகிமோனோ ககாரி 2006. ஒருவர் ஹிராகனாவில் எழுதியிருப்பார், ஒருவர் கான்ஜியில், ஒருவர் ரோமன் எழுத்தில். முதல்முறை பாடுகிறவருக்கு இதில் நான் சொல்வது இகிமோனோ ககாரி மட்டுமே. மொரியாமா பாட்டில் குரல் திடீரென்று மேலே தாவும், கெட்ஸுமெய்ஷியில் ராப் இருக்கிறது.

'ஸொட்ஸுக்யோ' என்ற பெயரிலும் அப்படித்தான். 1985-ல் மட்டும் ஒஸாகி யுதகா, ஸைதோ யுகி, கிகுச்சி மொமொகோ மூவரும் அதே பெயரில் பாட்டு வெளியிட்டார்கள். பட்டமளிப்பு என்றுதானே அர்த்தம் என்று ஓய்வுபெறுகிற மேலாளருக்கு ஒஸாகியின் பாட்டைப் பாட வேண்டாம். அதில் ராத்திரியில் பள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடிகளை உடைக்கிறார்கள். பெரிய பாட்டுதான், ஆனால் பூங்கொத்து கொடுக்கிற இடத்துக்கு அது வேண்டாம்.

3. வரிகளைத் தாளத்துக்கு உடைப்பது

நான் அதிக நாள் நின்ற படி இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பாடல் வரிகளுக்கு 'உதாதென்' தளம் போதும். கான்ஜிக்கு மேலே ஹிராகனா போட்டிருப்பார்கள். ரோமன் எழுத்திலும் கிடைக்கும், அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ் எழுத்திலும் எழுதிவைக்க வேண்டாம். 'ஸகுரா' என்று நாம் எழுதினால் நடுவில் இருக்கும் 'கு' நம் வாயில் 'பகல்' என்பதில் வருகிற மாதிரி மென்மையாகத்தான் வரும். அங்கே அது 'பக்கம்' என்பதில் வருகிற அழுத்தமான ஒலி. நம் எழுத்து நம் வாயைப் பழைய பழக்கத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். ஹிராகனாவையே பார்த்துப் படியுங்கள்.

அடுத்தது மாத்திரை. ஆமாம், பள்ளியில் படித்த அதே மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது ஜப்பானியத்துக்கும் அப்படியே பொருந்தும், அதனால் நெட்டெழுத்துகளில் நமக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் மெய்யெழுத்தில். நமக்கு மெய் அரை மாத்திரை. அங்கே 'ன்' தனியாக ஒரு முழு மாத்திரை, 'த்த', 'க்க' என்று இரட்டிக்கும்போது வருகிற அந்தச் சின்ன நிறுத்தமும் ஒரு முழு மாத்திரை. 'டென்ஷா' என்ற சொல்லை நாம் டென்-ஷா என்று இரண்டு தட்டில் முடித்துவிடுவோம். பாட்டில் அதற்கு மூன்று ஸ்வரம் வைத்திருப்பார்கள்: டெ-ன்-ஷா. 'ஸென்ஸேய்' நாலு: ஸெ-ன்-ஸெ-இ. 'கன்பத்தே' ஐந்து: க-ன்-ப-த்-தே. நாம் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுவதால்தான் திரையில் நிறம் மாறுகிற எழுத்துக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருப்போம்.

செய்ய வேண்டியது இதுதான். வரியை அச்செடுத்து, ஒவ்வொரு ஹிராகனா எழுத்துக்குக் கீழேயும் ஒரு புள்ளி வையுங்கள், 'ன்' எழுத்துக்கும் சின்ன 'ட்ஸு' எழுத்துக்கும் சிவப்பில். 'க்யோ', 'ஷா' மாதிரி சின்ன எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே புள்ளி. முதலில் மெட்டு வேண்டாம், தொடையில் தட்டிக்கொண்டு புள்ளிக்கு ஒரு தட்டு என்று படித்துக்கொண்டே போங்கள். சிவப்புப் புள்ளியில், 'ன்' என்றால் 'ம்ம்' என்றும், சின்ன 'ட்ஸு' என்றால் சத்தமே இல்லாமலும் ஒரு தட்டு நிற்பது முதலில் அசட்டுத்தனமாகத் தோன்றும், பரவாயில்லை. அது பழகிய பிறகு யூடியூபில் வேகத்தை 0.75-க்குக் குறைத்துப் பாடகரோடு சேர்ந்து பாடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: புதிய பாட்டுகளில் 'ன்' எழுத்தை முந்தைய ஸ்வரத்திலேயே திணித்துவிடுவது சாதாரணம். 1970-கள், 80-களின் பாட்டில் பெரும்பாலும் எழுத்துக்கு ஒரு ஸ்வரம் என்று ஒழுங்காக வரும். முடிந்தால் முதல் பாட்டாகப் பழையதையே எடுங்கள், அதற்கு இதுதான் முக்கியக் காரணம். அராய் யூமியின் 'ஸொட்ஸுக்யோ ஷாஷின்' (1975) இதற்கு நல்ல பயிற்சி, சுருதியும் ரொம்ப ஏறாது.

4. தனியாகப் போய்ச் சுருதி பாருங்கள்

வார நாளில் பகல் நேரத்தில் கரோக்கி அறை மலிவு. தனியாகப் போவதற்கு 'ஹிதோகரா' என்றே பெயர் இருக்கிறது, யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள். டாம், ஜாய்சவுண்ட் என்ற இரண்டு கரோக்கி இயந்திரங்களில் எது இருந்தாலும் சரி, ஆனால் விருந்து நடக்கும் இடத்தில் எது இருக்கிறதோ அதிலேயே பழகுவது நல்லது.

பாட்டைத் தேர்ந்தெடுக்கிற தட்டுப் பலகையில் 'கீ' என்று இருக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அரைச் சுருதி ஏறும் அல்லது இறங்கும். ஜப்பானிய ஆண் பாடகர்கள் நன்றாக உயரத்தில் பாடுகிறார்கள், அதனால் இரண்டு மூன்று படி இறக்கித்தான் நான் ஆரம்பிப்பேன். பல்லவியின் உச்சத்தை மட்டும் முதலில் பாடிப் பார்த்து எண்ணை முடிவு செய்து, கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டும் மெட்டின் சத்தத்தைக் கூட்டி வையுங்கள், எக்கோவைக் குறையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தவறு உங்களுக்கே கேட்காது.

5. அன்று இரவு

பாட்டைப் போட்டதும் சுருதி எண்ணை மாற்றுங்கள், போகிறவரின் பெயரைச் சொல்லி ஒரு வரி நன்றி சொல்லுங்கள், பாடுங்கள். 'ஹொதரு நோ ஹிகாரி' என்ற பழைய பிரிவுப் பாட்டை மட்டும் ஆரம்பத்தில் போடாதீர்கள். அந்த மெட்டை மூன்று தட்டு வால்ட்ஸாக மாற்றிக் கடை மூடும் நேரத்தில் ஒலிக்கவிடுவது அங்கே வழக்கம், கேட்டதும் கை தானாகப் பையைத் தேடும்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

மார்ச் 9 பாட்டு இயந்திரத்தில் வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தேதியை 'க்யூ நிச்சி' என்று தட்டியிருப்பீர்கள். 'ஸங்காட்ஸு கொகொனொகா' என்று கானாவில் தட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் குழுவின் பெயரால் தேடுங்கள்.

ஸப்போரோவிலிருந்து ஒருவர், இங்கே மார்ச்சில் பனிதான் கிடக்கிறது, செர்ரிப்பூப் பாட்டு பாடலாமா என்று கேட்டார். அங்கே பூ வருவது ஏப்ரல் கடைசி, மே தொடக்கம்தான். தாராளமாகப் பாடலாம், ஆனாலும் என் ஓட்டு 'நகோரி யுகி'க்கே.

ஆண் பாடகரின் பாட்டைப் பெண்கள் பாடுவது பற்றி: நாலு ஐந்து படி ஏற்றிப் பாருங்கள். ஏற்றியும் கீழ்ப்பகுதி கேட்கவில்லை என்றால் அந்தப் பாட்டை விட்டுவிட்டு இருகா பாடியதற்கே வாருங்கள்.