ராட்சத ரோபோவின் வேகம்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் படக்கதை எழுதவும் வரையவும் சொல்லித் தருகிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேராவது ராட்சத ரோபோவை வரைகிறார்கள். அது நிலவுக்கும் செவ்வாய்க்கும் பறக்கிறது. எவ்வளவு வேகத்தில் பறக்கிறது என்று கேட்டால், 12 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஒளியாண்டைக் கால அளவாக எண்ணுவது, மைலையும் கிலோமீட்டரையும் குழப்புவது போன்றவற்றை ஒரு முறை சொன்னால் அவர்களே திருத்திக்கொள்வதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

## தூரத்தை நேரத்தால் வகுத்ததோடு கணக்கை முடித்துவிடுவது

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டை நீட்டினாள். அவளுடைய ரோபோ பூமியிலிருந்து கிளம்பிப் பத்தே நிமிடத்தில் நிலவில் இறங்கிச் சண்டையிடுகிறது. பக்கத்தின் ஓரத்தில் நிலவின் தூரமான 3,84,400 கி.மீ.-ஐ 600 விநாடிகளால் வகுத்து, ‘விநாடிக்கு 641 கி.மீ.’ என்று பென்சிலால் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள்.

வகுத்தலில் பிழை இல்லை; ஆனால் கிடைத்தது சராசரி வேகம் மட்டுமே. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பேருந்து, அடிவாரம் வரை விரைந்து போய், பிறகு இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஊர்ந்து ஏறுகிறது. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்து, அதுதான் பேருந்தின் வேகம் என்று நம் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். ரோபோவும் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறது. போய்ச் சேரும் இடத்தில் நின்றாகவும் வேண்டும்.

“எப்படிம்மா நிற்கும்?” என்று கேட்டேன்.

“எஞ்சினை ஆஃப் பண்ணிட்டா நின்னுருமுங்க சார்.”

சாலையில் நிற்கும், ஏனென்றால் அங்கே உராய்வும் காற்றும் உண்டு. விண்வெளியில் தடுக்க ஒன்றும் இல்லை. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், தள்ளிவிட எந்த எஞ்சினும் இல்லாமல், இன்றும் விநாடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே ரோபோ பாதி வழி வரை வேகத்தைக் கூட்டி, நடுவழியில் முதுகைத் திருப்பி, சுடரை நிலவை நோக்கிப் பாய்ச்சி, மீதிப் பாதி முழுவதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அப்படிப் பார்த்தால் நடுவழியில் அதன் வேகம் சராசரியைப் போல் இரு மடங்கு, அதாவது விநாடிக்குச் சுமார் 1,280 கி.மீ. ஆகிறது. அதற்குத் தேவையான முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், பூமியின் ஈர்ப்பைப் போல் ஏறத்தாழ 436 மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள விமானி தன் இருக்கையில் 26 டன் கனப்பார். 1954-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் சறுக்கு வண்டியில் அமர்ந்து சுமார் 46 மடங்கைக் கணநேரம் தாங்கினார். அதற்கே சிறிது நேரம் பார்வையை இழந்தார்.

இந்தத் தவறைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நான் இதற்குக் கைப்பணம் கொடுத்திருக்கிறேன். என் முதல் படக்கதையில் ரோபோ எட்டு நிமிடத்தில் நிலவை அடைந்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஐந்நூறு படிகள் அச்சாகி, தாள்கள் மடிக்கப்பட்டு, தைப்பதற்குக் காத்திருந்த நேரத்தில், ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் ஒரு படியைக் கொண்டுபோய்க் காட்டினேன். நான்காம் பக்கத்தில், நிலவுக்குப் போகும் வழியில் விமானி எவர்சில்வர் டம்ளரில் தேநீர் குடிப்பதாக வரைந்திருந்தேன். அவர் அந்த டம்ளரின் மேல் விரலை வைத்து, “இதில் இருக்கிற டீ எத்தனை கிலோ கனக்கும்?” என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முடுக்கம் ஏறத்தாழ 680 மடங்கு. நூறு மில்லி தேநீர் 68 கிலோ.

நேரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த எட்டு நிமிடக் கெடுவின் மீதுதான் சண்டைக் காட்சி முழுவதையும் கட்டியிருந்தேன். கட்டத்துக்குக் கட்டம் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப் பக்கங்களைப் புதிதாக வரைந்து மீண்டும் அச்சடிக்கப் பதினெட்டாயிரம் ரூபாய் ஆயிற்று.

ஆகையால், நேரத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் மனிதர் எவ்வளவு முடுக்கத்தைத் தாங்குவார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தூரத்தை மீட்டரில் எழுதி, முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் பயண நேரம் விநாடிகளில் கிடைத்துவிடும். பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் நிலவுக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். நடுவழியில் உச்ச வேகம் விநாடிக்கு 61 கி.மீ. அந்த மாணவி இப்போது நடுவழித் திருப்பத்துக்கென்றே ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கி, ரோபோ கால்களை முன்னே நீட்டி நிலவை நோக்கி இறங்குவதாக வரைந்திருக்கிறாள். பழைய காட்சியைவிட அது பல மடங்கு நன்றாக இருக்கிறது.

## உந்துவிசையை மட்டும் பார்ப்பது

1979-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த கண்டாம் தொடரின் முதன்மை ரோபோவுக்கு உயரம் 18 மீட்டர், வெற்று எடை 43.4 டன், முழு எடை 60 டன், உந்துவிசை 55,500 கிலோ என்று அளவுகள் தரப்பட்டுள்ளன. முடுக்கம் பூமியின் ஈர்ப்பைவிடச் சற்றே குறைவு என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அந்த முடுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை எரிபொருள்தான் சொல்லும். அதன் எஞ்சின் கற்பனையானது. அதற்குப் பதிலாக நம் காலத்து ஹைட்ரஜன்–ஆக்சிஜன் எஞ்சினை வைத்து, எடை வித்தியாசமான 16.6 டன்னும் எரிபொருளே என்று தாராளமாகக் கொண்டாலும், இரண்டேகால் நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். ரஷ்ய அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின்படி கூடும் வேகம் விநாடிக்கு ஒன்றரை கி.மீ.க்கும் குறைவு. பூமியை விட்டு விடுபடவே 11.2 கி.மீ. வேண்டும்.

## எதைச் சார்ந்த வேகம் என்று சொல்லாமல் விடுவது

பன்னாட்டு விண்வெளி நிலையம் விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. அதன் அருகிலேயே மிதந்து போரிடும் இரண்டு ரோபோக்களுக்கும் அதே வேகம்தான். ஆனால் ஒன்றை மற்றொன்று நெருங்கும் வேகம் நடைவேகமாகவும் இருக்கலாம்.

## ஒளியை முந்தும் ரோபோ

கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு விண்மீனுக்குப் போனால் அது பறப்பதல்ல, கதையில் ஒரு மாய வாசலைக் கடப்பது; அங்கே தூரத்தை நேரத்தால் வகுக்காதீர்கள்.

## செவ்வாய்க்கு ஒரே தூரம் என்று எண்ணுவது

பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையிலான தூரம் சுமார் 5.6 கோடி கி.மீ. முதல் 40 கோடி கி.மீ. வரை மாறும். கதை நடக்கும் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.